அம்மா வைத்த சந்தனம்

தொழிற்சாலை கேன்டீனில் யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்து, சாப்பிடாமல் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தால் எனக்குப் புரிந்துவிடும். முடி விஷயம். "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். என் நெற்றிக்கு மேலே, வலது பக்கம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வழவழவென்று இருக்கும் தழும்பைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். "நீங்க முடி நட்டுக்கிட்டீங்களாமே. எனக்கும் ஒரு இடத்துல சொல்றாங்க. பண்ணலாமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், தெரியாத்தனத்தால் மருத்துவமனையில் கிடந்த ஒன்பது நாளையும் எழுதுகிறேன். கேன்டீனில் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது என் அம்மாவைப் பற்றியது. அதை விட்டுவிட்டு ஆலோசனை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

என் பெயர் செந்தில். திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். அறுபது வயதிலும் அவளுக்கு இடுப்பு வரை முடி இருந்தது. பாதி நரைத்திருந்தாலும் அடர்த்தி குறையவில்லை. "ரெண்டு பேருக்கு வர வேண்டியதை நீ ஒருத்தியே வாங்கிக்கிட்டே" என்று சீண்டுவேன். "வேணும்னா வெட்டி எடுத்துக்கப்பா, யார் வேணாங்கிறா" என்பாள்.

எனக்கு முடி அப்பா வழி. இருபத்தைந்து வயதிலேயே நெற்றி மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. ஹெல்மெட்டைத் திட்டினேன், போர் தண்ணீரைத் திட்டினேன். வெங்காயச் சாறு தேய்த்துக்கொண்டு பஸ்ஸில் போய் பக்கத்து சீட்டுக்காரரை எழுந்து ஓட வைத்திருக்கிறேன். சிரித்துச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன், லால்குடியில் பெண் பார்க்கப் போகிற வரைக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அத்தை வெளியே வந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "வாங்க, வாங்க. மாப்பிள்ளை பின்னாடி வராரா?"

அம்மா சட்டென்று, "இவர்தாங்க மாப்பிள்ளை" என்றாள். அந்த அத்தையின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. கேசரி சாப்பிட்டோம், வெயிலைப் பற்றிப் பேசினோம், வந்துவிட்டோம். பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகுதான் முதல்முறையாகத் தோல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னது எல்லாமே சரி. நான்தான் கேட்கவில்லை. அவர் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு வரும் இந்த மாதிரி வழுக்கையில் முடி செத்து விழுவதில்லை. உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன் முன்மண்டையிலும் உச்சியிலும் இருக்கும் முடி வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. முடி மெலிகிறது, பூனைமுடி ஆகிறது, பிறகு அதுவும் இல்லை. மினாக்சிடில் என்று தலையில் தடவும் மருந்து உண்டு. தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். பழைய முடி வழிவிட்டு விலகுகிறது என்று அர்த்தம், பயப்படக் கூடாது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் அது காப்பாற்றி வைத்ததும் போய்விடும். இன்னொன்று பினாஸ்டரைடு மாத்திரை. அந்த ஹார்மோனைக் குறைக்கும். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனசு சோர்ந்து போகலாம். அப்படி ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக் கூடாது.

"ஒரு வருஷம் பொறுமையா பாருங்க. நடறதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர். நான் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. தலையணையில் முடியைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் மருந்து பாட்டிலைக் குப்பையில் போட்டேன். மறுநாள் போனில் வந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்றே மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

அது ஒரு கிளினிக். கண்ணாடியும் வெள்ளை சோபாவுமாக இருந்தது. ஒரு பெண் என் நெற்றியில் பென்சிலால் கோடு போட்டு, "இங்கேர்ந்து ஆரம்பிச்சா பத்து வயசு குறைஞ்சிடும் சார்" என்றாள். ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டிருந்தது. நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. இல்லை என்று டிக் அடித்தேன். ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால்கூடக் கையெழுத்துப் போடாதவன் நான். என் தலைக்குப் போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்காக மருத்துவமனைக்குப் போனார். "மூணு நாள்ல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவரை ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வார்த்தைதான். "இந்த வீட்ல இனிமே யார் உடம்புலயும் கத்தி படக் கூடாது." அவளுக்கே இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் வேண்டாம் என்று மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் முடிக்காக ஆபரேஷன் என்றால் சும்மா விடுவாளா?

முடி நடுவதற்கு முன்னால் தலையை ஒட்ட மழித்துவிடுவார்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் அதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன்.

"அம்மா, பாஸ்கரோட சமயபுரம் போறேன். ஒரு வேண்டுதல். மொட்டை போட்டுட்டு அவன் ரூம்ல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றேன். பாஸ்கர் என்னோடு வேலை பார்ப்பவன், திருவெறும்பூரில் தனியாக அறை எடுத்திருப்பவன். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்துக்காகத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். "ஆத்தா கண்ணைத் திறந்துடுவா, பாரு" என்றாள். உண்டியலில் போடச் சொல்லி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசைக் கொடுத்தாள். அதை வாங்கிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சமயபுரம் பஸ்ஸில் ஏறாமல் கிளினிக்குக்குப் போனேன்.

சனிக்கிழமை முழுக்க நடந்தது. பின்மண்டையில், காதுக்குக் காது இருக்கிற முடிக்கு அந்த ஹார்மோன் உறைப்பதில்லை. அங்கிருந்து வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முன்னால் நடுகிறார்கள். புதிதாக முடி எதுவும் உண்டாவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். மரத்துப்போக வைக்கும் ஊசிகள்தான் வலி. அதற்குப் பிறகு முகம் குப்புறக் கிடந்து தரையின் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்று சொல்லப்பட்டவர் பத்து நிமிஷம் இருந்தார். மீதி எல்லாம் இரண்டு பையன்கள். "நெருக்கமா வச்சிருக்கோம் சார், சும்மா காடு மாதிரி வரும்" என்றார்கள். அளவுக்கு மீறி நெருக்கமாக நட்டால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போதாது என்று பின்னால்தான் தெரிந்தது. பத்து நாளைக்கு மண்டையைத் தொடக் கூடாது, உப்புத் தண்ணீர் ஸ்பிரே தவிர ஒன்றும் படக் கூடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்தேன். தொளதொளவென்று ஒரு தொப்பி. ஸ்பிரே பாட்டிலை ஹெல்மெட் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா தொப்பியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என்னப்பா இது, மண்டையெல்லாம் பொரிபொரியா இருக்கு?"

"கத்தி மொண்ணைம்மா. வேர்க்குரு வேற."

"சந்தனமே வைக்கலையா?"

"வச்சாங்க. குளிச்சதுல போயிடுச்சு."

"எரியுமேப்பா" என்றாள். எரியத்தான் செய்தது.

சாப்பிட்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு தலையணையில் தலையைத் தூக்கி வைத்துத் தூங்கினேன். மதியம் மூன்று மணி இருக்கும். தூக்கத்திலேயே தலை குளிர்ந்தது. இரண்டு நாளாக இருந்த எரிச்சல் அப்படியே அடங்கியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் கை வைப்பாளே, அந்தச் சுகம். கண்ணைத் திறந்தேன். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து என் மண்டை முழுக்கப் பூசி முடித்திருந்தாள். மொட்டை போட்ட பிள்ளைக்குச் செய்வதைச் செய்தாள். கல்லில் குழாய்த் தண்ணீர் விட்டு அவள் கையாலேயே அரைத்த சந்தனம்.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். உடனே கழுவியிருக்க வேண்டும். கிளினிக்குக்குப் போன் செய்திருக்க வேண்டும். "கழுவிடாதப்பா. ஆத்தாவுக்கு வச்சது. தானா காஞ்சு உதிரட்டும்" என்றாள் அம்மா. கழுவினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, கழுவவும் இல்லை. அடுத்த நாள் காலை வரை அந்தச் சந்தனம் என் தலையில் இருந்தது. நான் தெரிந்தே விட்டேன்.

புதன்கிழமை தலையில் விண்விண்ணென்று தெறித்தது. வியாழன் காய்ச்சல். நெற்றிக்கு மேலே நட்ட இடத்தில் ஒரு திட்டு கருநீலமாகி, சுற்றிலும் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. கண் இமைகள் வீங்கிவிட்டன. கிளினிக்குக்குப் போன் போட்டால் "வெயிட் பண்ணுங்க சார், நார்மல்தான்" என்றார்கள். பாஸ்கர் ஆட்டோவோடு வந்து நின்றான். "எதுக்குப்பா ஆஸ்பத்திரி? வேர்க்குருதானே?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் ஏறிக்கொண்டாள். காவிரிப் பாலம் தாண்டும்போது எனக்கு நடுக்கம் எடுத்தது. அவள் முந்தானையால் என்னைப் போர்த்திவிட்டாள்.

ஊருக்குள் ஒரு பெரிய மருத்துவமனை. அவசரப் பிரிவுக்கு வெளியே ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தேன். தோல் மருத்துவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மையார், கண்டிப்பான முகம். விளக்கைப் பிடித்துத் தலையைப் பார்த்தார். முடி நட்ட புள்ளிகளுக்கு நடுவே ஒட்டியிருந்த எதையோ இடுக்கியால் எடுத்து மோந்து பார்த்தார்.

"டிரான்ஸ்பிளான்ட் பண்ணி எத்தனை நாள் ஆச்சு?"

"அஞ்சு நாள் மேடம்."

"இது என்ன, சந்தனமா? யார் வச்சது?"

"நான்தாங்க" என்றாள் அம்மா, பின்னாலிருந்து. "மொட்டை போட்டா வைக்கிறதுதானே. சமயபுரத்துல போட்டுட்டு வந்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இது மொட்டை இல்லம்மா" என்றார் டாக்டர். "முடி நடற ஆபரேஷன் பண்ணியிருக்காரு. மண்டை முழுக்க ஆயிரக்கணக்குல ஓட்டை. பச்சைப் புண்ணு. அது மேல போய்ப் பச்சைத் தண்ணியில அரைச்சதை வச்சிருக்கீங்க."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "அம்மா மேல தப்பில்ல, நான் பொய் சொன்னேன்" என்று நாலு வார்த்தை. காய்ச்சலில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது காய்ச்சல் இல்லை, கோழைத்தனம்.

அன்று எடுத்த ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது. வார்டில் படுக்க வைத்துக் கையில் ஊசியைச் சொருகி, சொட்டு மருந்தும் இன்சுலினும் ஏற்றினார்கள். சீழைப் பஞ்சில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் பரிசோதனை. முடிவு வர மூன்று நாள் ஆகும். அதுவரை பொதுவான மருந்து. "தலைத் தோல்ல இருக்கிற ரத்தக் குழாய்க்கும் உள்ளே இருக்கிறதுக்கும் தொடர்பு உண்டு. அதனாலதான் நாங்க விளையாட்டா எடுத்துக்கிறதில்ல" என்றார் டாக்டர். அந்த மூன்று நாள் நான் பட்ட பயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்காகப் போனவன் கருமாதியில் முடியப் போகிறேனோ என்று நினைத்தேன். அப்பா போனது மாதிரியே நானும் போனால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்தபோது மட்டும் அழுதேன்.

ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்கக் கூடாது. இரவுக்குப் பாஸ்கர். அம்மா காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்துவிடுவாள். கேழ்வரகுக் கூழ், மிளகு ரசம், சர்க்கரைக்காரனுக்கு என்னென்ன ஆகுமோ எல்லாம் தூக்குவாளியில் இருக்கும். முதல் நாள் நர்ஸ் அவளிடம், "பேஷண்டைத் தொடறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும் பாட்டிம்மா" என்று சொல்லிக் கழுவிக் காட்டினாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வந்ததும் கழுவுவாள், தூக்குவாளியைத் திறக்கும் முன் கழுவுவாள், கரண்டி எடுக்கும் முன் கழுவுவாள். ஐந்தாம் நாள் பார்த்தேன், விரலிடுக்கெல்லாம் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. இத்தனை கழுவியும் அவள் என்னைத் தொடவில்லை. ஊட்டும்போதுகூடக் கரண்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் பரிசோதனை முடிவு வந்து மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்தத் திட்டு கறுத்துக் கட்டியாகிவிட்டது. ரத்தம் போகாமல் தோல் செத்துவிட்டது என்றார்கள். செத்த தோலை வெட்டி எடுத்தால்தான் அடியில் இருப்பது ஆறும். கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். கத்தி படக் கூடாது என்றவள், "போட்டுக் குடுப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் போட்டேன். வெட்டிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். நான் கண் விழித்தபோது அவள் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள்.

ஆறாம் நாள் டாக்டரிடம் கேட்டேன். "இது சந்தனத்தாலதானா மேடம்?"

"சந்தனமும் ஒண்ணு. அதை மட்டும் சொல்ல முடியாது. சர்க்கரை அவ்வளவு இருந்தா எந்தப் புண்ணும் ஆறாது. அவங்க அளவுக்கு மேல நெருக்கி நட்டிருக்காங்க. இதுல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்கம்மாகிட்ட இதைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சர்க்கரையைச் சொன்னேன், நெருக்கி நட்டதைச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "நான் வைக்காம இருந்திருந்தா?" என்றாள். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நீ வைத்ததை நான் கழுவியிருந்தால் என்பதுதான் அது. அதைச் சொல்லாமல் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அழகுக்காகச் செய்துகொண்டதன் பின்விளைவு என்பதால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்றார்கள். பில்லைப் பார்த்துவிட்டு பாஸ்கர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, பாதியை அவனே கட்டினான்.

ஆலோசனை கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முடி நடுவது கெட்டதில்லை. நல்ல மருத்துவரிடம் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். நட்ட முடி ஒரு மாதத்தில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் முளைக்கும், ஒரு வருஷம் ஆனால்தான் முழுசாகத் தெரியும். நட்ட பிறகும் மருந்து வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியிருப்பது கொட்டி, நட்டது மட்டும் தீவாக நிற்கும். இருபத்தைந்து வயதுக்குள் ஓடாதீர்கள், எங்கே வரைக்கும் கொட்டும் என்று தெரியாமல் எங்கே நடுவது? கத்தியைப் பிடிக்கப் போகிறவர் யார், அவர் டாக்டர்தானா என்று கேளுங்கள். சர்க்கரை பார்க்காமல் தலையில் கை வைக்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அது நான் கடைசியில் சொல்கிற விஷயம், ஆனால் முதலில் செய்ய வேண்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அம்மா வேளாவேளைக்குச் சமைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், என் தலையை மட்டும் தொடவே இல்லை. தீபாவளி வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அன்று விடிகாலை என்னை மணையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைப்பது அவள் கைதான். அந்த வருஷம் மணையைப் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீயே வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மணையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. தட்டில் குங்குமமும் எலுமிச்சம்பழமும் இருந்தன.

"சமயபுரம் போயிட்டு வந்தேன்ப்பா" என்றாள். முந்தானை நழுவியது.

மொட்டை. அந்த முடி முழுவதும் போயிருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் நான் பார்த்திராத ஒரு மச்சம் உச்சியில் இருந்தது. காதுகள் பெரிதாகத் தெரிந்தன. அவள் இத்தனை சின்னவளா என்று இருந்தது.

"எதுக்கும்மா?" என்றேன்.

"நீ ஆத்தா பேரைச் சொல்லித்தானே போனே. சொன்னது சொன்னபடி நிக்குதில்ல. யாராவது குடுக்கணும். உன் தலை இப்பதான் ஆறியிருக்கு." பிறகு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கு வர வேண்டியது என்கிட்டதானே இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் தலையில் இரண்டு இடத்தில் கத்தி கீறியிருந்தது. மற்றபடி வெறுமையாக இருந்தது.

"சந்தனம் வைக்கலையாம்மா?"

"வச்சு விடறேன்னுதான் சொன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"எரியலையா?"

"எரியுது. எதுக்கு வம்பு."

எழுந்து போனேன். சந்தனக் கல் வழக்கமான இடத்தில் இல்லை. பரணில், செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டி வைத்திருந்தாள். கல்லையும் கட்டையையும் வெந்நீரில் கழுவினேன். காய்ச்சி ஆறிய குடிதண்ணீரை விட்டு அரைத்தேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தோடு வந்ததும் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வையிப்பா."

"கேக்க வேண்டாம்மா. உனக்குச் சின்னக் கீறல்தான், புண்ணு இல்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். நான் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் மண்டை என் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது. என் முகத்தை அவள் பார்க்க முடியாது என்பதால்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது.

"அம்மா, அன்னைக்கு நீ வச்ச உடனேயே நான் முழிச்சுட்டேன். அது படக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு விஷயம் தெரிஞ்சுடும்னு கழுவாம விட்டேன். மறுநாள் வரைக்கும் விட்டேன். உன் மேல ஒண்ணும் இல்லம்மா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. நான் பூசிக்கொண்டே இருந்தேன். பின்மண்டைக்கு வந்தபோது கேட்டாள்:

"அன்னைக்கு உனக்குக் குளிர்ச்சியா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அவள் என் கையைப் பிடித்துத் தன் இடது காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்க விட்டுட்ட, பாரு" என்றாள்.